வெட்டாமல் விட்டதற்கு என்ன கூலி?

ஒரு வீட்டுக்காரர். அமெரிக்காவில் ஓஹயோ மாநிலத்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஏன் ஓஹயோ என்பது பிறகு தெரியும்). வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஓக் மரம். தாத்தா காலத்து மரம். ஒரு கிளை கூரைக்கு மேலேயே நீண்டு போகிறது. அடிமரத்தில் பொந்து வேறு. அடுத்த புயலுக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று இரண்டு பேரைக் கூப்பிட்டு கொட்டேஷன் கேட்கிறார்.

முதல் ஆள் ஏணியும் ரம்பமுமாக வருகிறார். அண்ணாந்து ஒரு தடவை பார்க்கிறார். "பாதி உயரத்துக்கு இறக்கிடலாம். பொந்தைச் சுரண்டி எடுத்து அடைச்சிடலாம். வெட்டின இடத்துக்கெல்லாம் பெயின்ட் அடிச்சுக் கொடுத்துடறேன். ஒரு லாரி கட்டை வரும்."

இரண்டாவது ஆள் வந்து இருபது நிமிஷம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒரு சுத்தியலால் அடிமரத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். வேர் மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைக் குனிந்து பார்க்கிறார். கடைசியில், "மூணு கிளை. பொந்தைத் தொட வேண்டாம். பெயின்ட் வேண்டாம்" என்கிறார். கேட்கிற தொகையோ முதல் ஆள் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு!

யாருக்கு வேலை கிடைக்கும்? பி.காம். முதல் வருஷப் பையனே சொல்லிவிடுவான். குறைந்த விலை, கண்ணுக்குத் தெரிகிற நிறைய வேலை, போதாததற்கு ஒரு லாரி கட்டை. இரண்டாவது ஆளிடம் எதற்குக் காசு கொடுப்பது? வெட்டாமல் விட்டதற்கா?

ஆமாம், அதற்குத்தான்.

மேலைநாடுகளில் மர வைத்தியம் ஒரு முழுநேரத் தொழில். ட்ரீ சர்ஜன், ஆர்பரிஸ்ட் என்றெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். மரம் வெட்டுகிறவர் வேறு, இவர் வேறு. மரத்தை உயிரோடு வைத்துக்கொண்டு, வேண்டாததை மட்டும் எடுப்பது இவர் வேலை. அதற்கான சாமான்களின் பட்டியலைப் பார்த்தால் மலையேறுகிறவரும் மரம் வெட்டுகிறவரும் கூட்டு வியாபாரம் ஆரம்பித்த மாதிரி இருக்கும்.

முதலில் ரம்பம். ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பவர் (இரும்பு ஸ்டீல் இல்லை, அது அவர் குடும்பப் பெயர்) 1926ல் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவரே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ரம்பங்கள் பரவலானது 1950களில்தான். 1959ல் அதே கம்பெனியின் காண்ட்ரா என்ற மாடல் சுமார் 12 கிலோ எடையில் வந்து சக்கைப்போடு போட்டது. இன்று மரத்தின் மேல் ஏறி வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன ரம்பம் நாலு கிலோவுக்குக்கூடத் தேறாது. கைப்பிடி பின்னால் இல்லாமல் மேலேயே இருக்கும்.

சங்கிலியின் கதை இன்னும் சுவாரசியமானது. ஆரம்பகாலச் சங்கிலிகள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டின. சீக்கிரம் மழுங்கும், ஓயாமல் அரம் போட வேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946ல் ஒரு மரத்தை உளுக்கச் செய்யும் வண்டின் புழுவைக் கவனித்தார். அது இடமும் வலமுமாகத் தாடையை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு, மர நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒரே மாதிரி முன்னேறிக்கொண்டிருந்தது. அதே மாதிரி இடம் ஒன்று வலம் ஒன்றாக வளைந்த பற்கள் வைத்து ஒரு சங்கிலி செய்தார். 1947ல் அதை வைத்துக் கம்பெனி. இன்று உலகத்தில் ஓடுகிற சங்கிலி ரம்பங்கள் பெரும்பாலும் அந்தப் புழுவுக்கு ராயல்டி தரவேண்டியவை!

இந்தப் பல் கூர்மையாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பல்லைப் பார்க்க மாட்டார்கள். கீழே விழுவதைப் பார்ப்பார்கள். சீவல் சீவலாக விழுந்தால் ரம்பம் வெட்டுகிறது. மாவு மாதிரி விழுந்தால் தேய்க்கிறது. தேய்க்கிற ரம்பத்தை ஆள் அழுத்திப் பிடிப்பார், அழுத்துகிறவர் களைப்பார், களைத்தவர் தவறு செய்வார். உயரத்தில் தவறு செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சங்கிலியின் வேகம் என்ன தெரியுமா? ரம்பக்காரர்கள் போடுகிற பாதுகாப்பு பேன்ட்டைச் சோதிக்கிறபோது ஒரு வகுப்புக்குச் சங்கிலியை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் போகிற பஸ் வேகத்தில் பற்கள்! அந்த பேன்ட் எப்படிக் காப்பாற்றுகிறது என்பது தனி அழகு. இரும்புக் கவசம் மாதிரி எதிர்த்து நிற்பதில்லை. உள்ளே அடுக்கடுக்காக நீள நீள இழைகள். சங்கிலி பட்டதும் மேல்துணி கிழிந்து, இழைகள் கொத்தாக உருவிக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சிக்கி, ரம்பத்தையே நிறுத்திவிடும். வீட்டில் தையல் மெஷினில் நூல் சிக்கி நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஒரு தடவை பட்டால் பேன்ட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். தேய்மானக் கணக்கே கிடையாது.

பேன்ட் காப்பாற்றாத இடம் முகமும் கழுத்தும். ரம்பத்தின் நுனியில் மேல்கால் பகுதி எதிலாவது முட்டினால் மொத்த ரம்பமும் ஆளை நோக்கி மேலே எகிறும். பின்னுதை என்று சொல்லலாம். கண் இமைப்பதற்குள் நடந்துவிடுவதால் சுதாரித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எகிறும்போது தானாகவே சங்கிலியை நிறுத்துகிற பிரேக் 1970களில் வந்தது. அதுவும் இரண்டு கையாலும், கட்டைவிரல் சுற்றிவரப் பிடித்திருந்தால்தான் முழுசாக உதவும். ஆனால் மேலே கைப்பிடி வைத்த சின்ன ரம்பத்தைப் பார்த்தாலே ஒரு கையில் பிடிக்கத் தோன்றும். இன்னொரு கையால் கிளையைப் பிடித்துக்கொள்ளலாமே என்ற ஆசை. அந்த இன்னொரு கைதான் காயப்பட்டுக்கொண்டே இருக்கிறது. செய்யாதே என்று எத்தனை வகுப்பில் சொன்னாலும் செய்கிறார்கள். (ஹெல்மெட் போடச் சொன்னால் டாங்க் மேல் வைத்து ஓட்டுகிற நம்ம ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.)

அடுத்தது கயிறு. மேலே போவதற்கு முன்னால் கயிறு மேலே போயாக வேண்டும். அதற்கு முந்நூறு நானூறு கிராம் எடையுள்ள சின்னப் பையில் மெல்லிய நூலைக் கட்டி, தகுந்த கிளைக்கு மேலே வீசுகிறார்கள். மரம் உயரமாக இருந்தால் ஆள் உயரக் கம்பில் பொருத்திய ராட்சத உண்டிவில். மாங்காய் அடித்துப் பழகியவர்கள் வெளிநாட்டில் வேலைக்கு முயற்சி செய்யலாம் :) அந்த நூலைப் பிடித்து உண்மையான கயிற்றை இழுத்து ஏற்றி, இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய பட்டைக் கச்சையோடு இணைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான பாதுகாப்பு விதிப்படி அந்தக் கயிறு குறைந்தது 5,400 பவுண்டு, அதாவது சுமார் 2,450 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும்.

தொங்குகிற ஆளை அதே இடத்தில் நிறுத்துவது ஒரு முடிச்சு. எடை விழுந்தால் இறுகும், கையால் தளர்த்தினால் வழுக்கும். 1931ல் ஆஸ்திரியாக்காரர் கார்ல் புருசிக் மலையேறிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு இந்தக் குடும்பத்தில் பிரபலமானது. மரக்காரர்கள் அதிகம் விரும்பியது பிளேக் முடிச்சு. ஜேசன் பிளேக் என்ற மரமேறி 1994ல் ஒரு தொழில் பத்திரிகைக்கு எழுதித் தெரிவித்ததால் அந்தப் பெயர். ஆனால் ஹெயின்ஸ் புரோஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் அதற்கு முன்னாலேயே அதைக் கண்டுபிடித்திருந்தார். பிளேக்குக்கு அது தெரியாது. முடிச்சுக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை, நல்லவேளை. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சர்ரென்று வேகமாக இறங்கினால் முடிச்சு சூடாகி, கயிற்றின் மேல்பரப்பு இளகிப் பளபளப்பாகிவிடும். சினிமா ஹீரோ மாதிரி இறங்குகிறவரின் கயிறு நாளைக்கு அவரைத் தாங்குமா என்பது கேள்விதான்.

இப்போது அபாயம் புரிந்திருக்கும். வினாடிக்கு 20 மீட்டர் ஓடுகிற பற்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை. விறைப்பாக இருக்கும் கயிற்றில் சங்கிலி லேசாகப் பட்டாலே போதும், கதை முடிந்தது. அதனால் ரம்பத்தை ஓட்டும் நேரத்தில் மரத்தோடு இரண்டு இணைப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. இரண்டாவது இணைப்பு பெரும்பாலும் எஃகுக் கம்பி உள்ளே ஓடுகிற ஒரு குட்டைக் கயிறு. அதையும் ரம்பம் அறுத்துவிடும். ஆனால் உடனே அறுத்துவிடாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்தக் கம்பி.

கீழே எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். குச்சி பொறுக்க மட்டும் இல்லை. மேலே இருப்பவர் கையையோ தொடையையோ அறுத்துக்கொண்டால் தீயணைப்பு வண்டி வரும்வரை ரத்தம் காத்திருக்காது. ஏறிப் போய் அவரை இறக்கிக்கொண்டு வரத் தெரிந்தவர் கீழே இருந்தாக வேண்டும், அவருக்கென்று இன்னொரு கயிறும் கச்சையும் தயாராக இருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் இவர் நாள் முழுக்க மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு தடவைகூட ஏற வேண்டி வராமலே இவர் ரிட்டயர் ஆகலாம். அப்படி ஆனால் நல்லது. அந்த ஒன்றரை மடங்கு கொட்டேஷனில் ஒரு பகுதி இவர்தான். முதல் ஆளின் கொட்டேஷனில் இவர் இல்லை.

இன்னொரு சாமான், பூட்ஸில் மாட்டுகிற இரும்பு ஆணி. மரத்தில் குத்திக் குத்தி ஏறலாம். கயிறு வீசுகிற தொல்லையெல்லாம் கிடையாது. ஆனால் நல்ல மர வைத்தியர் அதை அடியோடு வெட்டப்போகிற மரத்தில் மட்டும்தான் மாட்டுவார். வாழப்போகிற மரத்தில் ஒவ்வொரு குத்தும் பூஞ்சைக்குத் திறந்து வைத்த கதவு. நம்மூரில் சில இடங்களில் தென்னையில் ஏறுவதற்குப் படி வெட்டியிருப்பார்களே, அந்த வெட்டுகள் மூடி ஆறியதை யாராவது பார்த்ததுண்டா? ஆறாது. ஓக், வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய வளரும் படலம் இருக்கிறது. வருஷா வருஷம் புது மரம் சேர்ப்பது அதுதான். தென்னைக்கும் பனைக்கும் அது கிடையாது. படி வெட்டியவர் காலத்துக்குப் பிறகும் படி அப்படியே இருக்கும். காலில் தளைநார் மாட்டிப் பனை ஏறுகிற நம் பனையேறிகள் மரத்தில் ஒரு கீறல்கூடப் போடாமல் ஏறி இறங்குகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஓஹயோவுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் சாமர்செட் பக்கம் 1846ல் பிறந்த ஜான் டேவி என்பவர் அமெரிக்காவுக்குப் போய், ஓஹயோவில் கென்ட் என்ற ஊரில் தங்கினார். மரங்களை மனிதர்களைப் போல வைத்தியம் பார்த்துக் காப்பாற்றலாம் என்று நம்பியவர். 1901ல் 'மர வைத்தியர்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் போட்டார். அவர் ஆரம்பித்த கம்பெனி இன்றும் கென்ட்டில் இருக்கிறது, 1979லிருந்து ஊழியர்களுக்கே சொந்தமாக. மர வைத்தியம் ஒரு தொழிலாக நிமிர்ந்து நின்றதற்கு அவரைப் போன்றவர்கள்தான் காரணம்.

ஆனால் அந்தக் காலத்து வைத்தியம் எப்படி இருந்தது? பல் டாக்டர் செய்வதைப் போல. பொந்து இருந்தால் உளுத்ததையெல்லாம் சுரண்டி, நல்ல மரம் தெரிகிறவரை செதுக்கி, சிமென்ட் வைத்து அடைத்தார்கள். தண்ணீர் தேங்கினால் துளை போட்டுக் குழாய் வைத்து வடித்தார்கள். கிளையை வெட்டினால் தண்டோடு தண்டாக, தச்சர் இழைத்த மாதிரி வழவழவென்று வெட்டினார்கள். மேலே தார் அல்லது பெயின்ட். எல்லாம் அன்போடு செய்ததுதான். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை, பில் போடத் தோதான வேலை.

இதைக் கலைத்தவர் அலெக்ஸ் ஷைகோ. பென்சில்வேனியாவில் 1930ல் பிறந்தவர். 1959ல் அமெரிக்க வனத்துறையில் மர நோய் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். காண்ட்ரா ரம்பம் வந்த அதே வருஷம். அதுவரை மரத்தின் நோயைப் பார்க்க விரும்பியவர்கள் பெரும்பாலும் குறுக்கே அறுத்துத்தான் பார்த்தார்கள். வெள்ளரிக்காய் வில்லை மாதிரி. ஒரு பெரிய அடிமரத்தைக் கை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்ப்பது லேசான வேலையா என்ன? தனி ஆள் தூக்குகிற ரம்பம் கைக்கு வந்ததும் ஷைகோ மேலிருந்து கீழாக அறுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கான மரங்கள். மரத்தின் கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த மாதிரி.

அவர் பார்த்தது இதுதான். காயம்பட்ட மரம் நம்மைப் போல ஆற்றிக்கொள்வதில்லை. நம் தோலில் செத்த செல்லின் இடத்தில் புது செல் வருகிறது. மரத்தில் கெட்டது கெட்டதுதான், அந்த இடம் திரும்ப நல்லதாகாது. மரம் செய்வது சுவர் எழுப்புவது. காயத்துக்கு மேலும் கீழும் நீர்க்குழாய்களை அடைக்கிறது. உள்பக்கம் வருஷ வளையங்களில் ஒரு தடுப்பு. பக்கவாட்டில் ஒரு தடுப்பு. நாலாவதாக, காயம்பட்ட பிறகு கேம்பியம் புதிதாகக் கட்டுகிற ஒரு தடுப்பு. நாலிலும் உறுதியானது இதுதான். உளுப்பு பெரும்பாலும் இதைத் தாண்டி வெளியே வராது. அதனால்தான் ஒரு மரம் பத்து அங்குல விட்டத்தில் இருந்தபோது காயப்பட்டது என்றால், எத்தனை வருஷம் கழித்து எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் பொந்து ஏறக்குறைய அந்தப் பத்து அங்குலத்துக்குள்ளேயே நிற்கும். சுற்றிலும் புது மரம் சுத்தமாக இருக்கும். இதையெல்லாம் சேர்த்து 1977ல் வெளியிட்டார்.

இப்போது அந்தச் சிமென்ட் வைத்தியத்தை நினைத்துப் பாருங்கள். "நல்ல மரம் தெரிகிறவரை" செதுக்கினார்களே, செதுக்கியது அந்த நாலாவது சுவரை! வடிகால் துளை போட்டது அதே சுவரில்! ஊருக்குள் வெள்ளம் வராமல் கட்டிய கரையை, கரை அழுக்காக இருக்கிறது என்று வெட்டிவிட்ட கதை. பெயின்ட் உளுப்பைத் தடுப்பதில்லை என்பதும் தெரிந்தது. (ஒரு விதிவிலக்கு: ஓக் மரங்களில் பரவும் ஒரு வாடல் நோய் இருக்கும் பகுதிகளில், புதுக் காயத்தை நாடி வரும் பூச்சி அந்த நோயைக் கொண்டு வராமலிருக்க உடனே பூசச் சொல்கிறார்கள்.) அரை நூற்றாண்டுக்கு மேலாக அக்கறையான மனிதர்கள், காசு வாங்கிக்கொண்டு, காப்பாற்ற நினைத்த மரத்தையே கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கிளை வெட்டுகிற விஷயத்திலும் இதே கதை. கிளை தண்டோடு சேருகிற இடத்தைச் சும்மா ஒருமுறை உற்றுப் பாருங்கள். உங்கள் தெருவில் உள்ள வேப்ப மரத்திலேயே பார்க்கலாம். சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அது கிளையைச் சேர்ந்தது இல்லை, தண்டின் மரம். கிளை செத்தால் நோய் தண்டுக்குள் நுழையாமல் தடுக்கிற ஏற்பாடு அதற்குள்தான் இருக்கிறது. வழவழவென்று தண்டோடு வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், காவல்காரன் போய்விடுவான். ஆகவே காலருக்கு வெளியே, அதைத் தொடாமல் வெட்ட வேண்டும். ரொம்பத் தள்ளி முளையாக விட்டாலும் தப்பு. பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு. முதலில் கொஞ்சம் தள்ளி அடியிலிருந்து ஒரு வெட்டு, அதற்கு அப்பால் மேலிருந்து ஒரு வெட்டு. கிளையின் பாரம் அங்கேயே முறிந்து விழுந்துவிடும், பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு போகாது. பிறகு மிச்சமுள்ள முளையைக் காலர் ஓரமாக மூன்றாவது வெட்டில் எடுப்பது. இந்த மூன்றாவது வெட்டில் ஓர் அங்குலம் இப்படியா அப்படியா என்பதில் மரத்தின் அடுத்த ஐம்பது வருஷம் இருக்கிறது.

மரத்தை அடியோடு சாய்க்கிறபோதுகூட விஷயம் வெட்டாத பகுதியில்தான். விழ வேண்டிய பக்கம் ஒரு வாய் மாதிரி வெட்டி எடுப்பார்கள். பின்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே வந்து, வாயைத் தொடுவதற்கு முன்னால் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு பட்டை மிஞ்சும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் என்பது பொதுவான கணக்கு. 60 சென்டிமீட்டர் மரத்துக்கு 6 சென்டிமீட்டர். மரம் கதவு மாதிரி அந்தக் கீலில் திரும்பித்தான் விழுகிறது. அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால் அப்புறம் மரம் எந்தப் பக்கம் விழும் என்பது மரத்துக்கும் காற்றுக்கும் மட்டும்தான் தெரியும்.

பொந்து உள்ள மரம் நிற்குமா விழுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரருடைய பயமும் அதுதானே. ஒரு குழாய் தாங்குவதற்கு நடுவில் இரும்பு நிரப்ப வேண்டியதில்லை. சைக்கிள் ஃபிரேம் உள்ளே காலிதான், டபுள்ஸ் தாங்குகிறது. ஜெர்மனியின் கிளாஸ் மாத்தெக் என்ற விஞ்ஞானி, விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்துவிட்டு, சுற்றுச் சுவரின் கனம் ஆரத்தில் சுமார் 30 சதவீதத்துக்கும் கீழே போனால் ஆபத்து கூடுகிறது என்றார். ஆரம் 50 சென்டிமீட்டர் என்றால் சுவர் 15. இதற்கு மறுப்பு சொல்கிறவர்களும் உண்டு. மேலே எவ்வளவு இலைப்பரப்பு காற்றைப் பிடிக்கிறது, வேர் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறார்கள். நியாயம்தான். ரேஷியோ ஒன்றை மட்டும் பார்த்து ஷேர் வாங்கியவர்களைக் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டதும், வேரைக் குனிந்து பார்த்ததும் இதற்காகத்தான்.

முதல் ஆள் சொன்ன 'பாதி உயரம்' யோசனை? உச்சியை வெட்டினால் மரம் பசியில் தவிக்கும், இலைதானே அதன் சமையலறை. வெட்டிய இடங்களில் உளுப்பு இறங்கும். பக்கத்திலேயே கொத்துக் கொத்தாகப் புதுக் கிளைகள் மேல்பட்டையில் ஒட்டவைத்த மாதிரி கிளம்பும். நாலைந்து வருஷத்தில் பழைய உயரம். இந்தத் தடவை ஒவ்வொரு கிளையும் பலவீனமாக, உளுத்த முளைமேல், அதே கூரைக்கு மேலே. அப்போது திரும்பவும் அவரையே கூப்பிட வேண்டும். வியாபாரமாகப் பார்த்தால் பிரமாதமான திட்டம்!

வணிகவியலில் புலனாகாச் சொத்து என்று ஒன்று படிக்கிறோம். நற்பெயர், காப்புரிமை, வியாபாரச் சின்னம். ரம்பம், கயிறு, ஹெல்மெட் எல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் ஏறும், தேய்மானமும் கழியும். ஆனால் காலரை ஓர் அங்குலம் விட்டு வெட்டத் தெரிந்த கண்ணை எந்தத் தலைப்பில் எழுதுவது? வாடிக்கையாளருக்கு அதைக் காட்டவும் முடியாது. லாரி நிறையக் கட்டை ஏறினால் காசு கொடுத்தது கண்ணில் தெரியும். ஏறாத கட்டையை எப்படிக் காட்டுவது? சரியாக வெட்டினாரா என்பது தெரியவே பத்து இருபது வருஷம் ஆகும். அதற்குள் வீடு கைமாறியிருக்கும். தப்பாக வெட்டியவரின் பில் புத்தகம் எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். சரியாக வெட்டியவரை யாரும் தேடி வந்து பாராட்டப் போவதில்லை. இந்தத் தொழிலில் நல்ல ஆட்களும் அரைகுறைகளும் ஒரே தெருவில் பிழைப்பு நடத்த முடிவது இதனால்தான்.

நம் ஓஹயோ வீட்டுக்காரர் எப்படியோ இரண்டாவது ஆளுக்கே வேலையைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. புல்தரையில் மூன்று கிளைகள் கிடக்கின்றன. பொந்து அப்படியே இருக்கிறது. கீழே நின்றிருந்தவர் இன்றைக்கும் ஏற வேண்டி வரவில்லை, குச்சிகளை அள்ளிக்கொண்டிருக்கிறார். மேலே இருந்து இறங்கியவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து கயிற்றை முழம் முழமாக விரல்களுக்கிடையே உருவிப் பார்க்கிறார். எங்காவது ஒரு நூல் அறுந்திருந்தால் அந்த இடத்தோடு வெட்டி எறிந்துவிட வேண்டும்.

வீட்டுக்காரர் மரத்தைப் பார்க்கிறார். காலையில் பார்த்த மரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கையில் செக் புத்தகம்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த முழத்தை உருவுகிறார்.